சங்கீதத்துக்கு எதற்கு மூன்று குறிப்பு? முதல் பிரசங்கம் தயாரிப்பவர்களுக்கு

வாலிபர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார்கள், வேதத்தை, அதாவது பைபிளை, திறந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே புரியவில்லை என்பவர்களுக்காக இது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பைபிளின் ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களில் 13ஆம் சங்கீதத்தை எடுத்து, ‘மறக்கிற தேவனா, மறைக்கிற தேவனா, மகிழ்விக்கிற தேவனா’ என்று மோனை பார்த்து மூன்று குறிப்பு போட்டுக்கொண்டு போனேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் தாங்கமுடியாமல் பண்ணின ஜெபத்தை நான் பாடக்குறிப்பாக்கிவிட்டேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் வேலை: பகுதி என்ன சொல்கிறது என்று தேடுவதற்கு முன்பே, அது என்ன வகை என்று தாளின் தலைப்பில் எழுதுங்கள். சரித்திரமா, பாட்டா, பழமொழியா, உவமையா, நிருபமா (கடிதமா), தரிசனமா? ஒரு வார்த்தை போதும்.

அடுத்து, அதைச் சத்தமாக வாசித்து, எப்படி நகர்கிறது என்று பாருங்கள். 13ஆம் சங்கீதத்தில் மொத்தமே 6 வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ நான்கு தடவை வருகிறது. 3, 4இல் கெஞ்சல். 5இல் திடீரென்று நம்பிக்கை. நடுவில் சத்துரு போய்விட்டானா, நிலைமை மாறியதா என்று ஒரு வரிகூடக் கிடையாது! அப்படியானால் உங்கள் பிரசங்கமும் அந்த நான்கு ‘எதுவரைக்கும்’மில் கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும்; பத்து நிமிடத்தில் நான்கையாவது அதற்குக் கொடுங்கள், ஆறுதல் சொல்ல நாக்கு துடித்தாலும் 5ஆம் வசனத்துக்குத் தாவாதீர்கள். 88ஆம் சங்கீதத்தில் இந்தத் திருப்பமே இல்லை, எபிரெயத்தில் அதன் கடைசி வார்த்தையே ‘இருள்’தான். அதற்கு நாமாக ஒரு அல்லேலூயாவை ஒட்டவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிருபம் என்றால் உங்கள் மூன்று குறிப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நிருபங்களை எழுதிய அப்போஸ்தலன் பவுல் வாதம் செய்கிறவர். அவர் ரோமருக்கு எழுதின நிருபத்தில் 12ஆம் அதிகாரம் ‘அப்படியிருக்க’ என்று தொடங்குகிறது. அதற்குப் பின்னால் 11 அதிகாரம் நிற்கிறது என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

பழமொழிகளின் தொகுப்பான நீதிமொழிகளில் எல்லாரும் வழுக்கி விழுவது, பழமொழியை வாக்குத்தத்தமாக, அதாவது தேவன் கொடுத்த உறுதிமொழியாக, எடுத்துக்கொள்வதில். 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, அடுத்த வசனமே கொடு என்கிறது. எந்த மூடனிடம், எப்போது என்று யோசிக்கவைக்கத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் ‘பதறாத காரியம் சிதறாது’ என்பவரே ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றும் சொல்வதில்லையா, அதுமாதிரி.

அப்புறம் கதைகள். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் ‘நீ பாவம் செய்தாய்’ என்று ஆரம்பிக்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் எடுத்துக்கொண்டதைப் பற்றிச் சொன்னார், தாவீது கோபப்பட்டுத் தீர்ப்பும் சொன்ன பிறகுதான் ‘நீயே அந்த மனுஷன்’ என்றார். பொருளை முதலிலேயே அறிவித்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், புஸ்ஸென்று போய்விடும்.

லூக்கா 15இலும் இதே கவனம் வேண்டும். சொத்தை அழித்துவிட்ட இளைய மகன் தகப்பனிடம் திரும்பி வந்ததோடு நிறைய பேர் முடித்துவிடுகிறார்கள், ஆனால் இயேசு அதைச் சொன்னது பாவிகளைச் சேர்த்துக்கொள்கிறாரே என்று முறுமுறுத்துக்கொண்டிருந்த பரிசேயர் என்ற மதப்பிரிவினரிடம். தம்பிக்கு விருந்தா என்று கோபப்பட்டு மூத்தவன் வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து வருந்தி அழைக்கிறார், அவன் உள்ளே போனானா என்று சொல்லாமலே கதை முடிகிறது. நீங்களும் அங்கேயே நிறுத்திவிட்டு உட்காருங்கள். பாட்டு நடத்துகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இன்னும் முடியவில்லை என்று நினைத்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.