இரண்டாவது பீப்பாய் விஸ்கியைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி

சிவப்பு ஒயின் பீப்பாயில் ஃபினிஷ் செய்த ஒரு சிங்கிள் மால்ட்டுக்கு (ஒரே டிஸ்டில்லரியில் மால்ட் பார்லியில் செய்த விஸ்கி) என் நோட்டில் முதல் நாள் 91 மதிப்பெண் போட்டிருக்கிறேன். பதினெட்டு நாள் கழித்து அதே பாட்டிலுக்கு 78. முதல் நாள் நான் ரசித்தது ஒயினை. அதற்கு அடியில் விஸ்கி இருக்கிறதா என்று தேடவே இல்லை. இப்போது நான் சுவைக்கும் முறை அந்த இரண்டு எண்களுக்கு நடுவிலிருந்து வந்ததுதான்.

ஃபினிஷ் என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் சுவையையும் அப்படிச் சொல்வார்கள். அதை நான் பின்சுவை என்றே எழுதுகிறேன். இங்கே ஃபினிஷ் என்றால், ஒரு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை வேறொரு பானம் இருந்த பீப்பாய்க்கு மாற்றிக் கொஞ்ச காலம் வைப்பது.

ஸ்காட்லாந்தின் பால்வெனி டிஸ்டில்லரியில் விஸ்கி தயாரிப்பாளர் டேவிட் ஸ்டூவர்ட் 1980-களிலேயே இதைச் செய்து பார்த்தார்; 1993-ல் டபிள்வுட் என்ற விஸ்கி வந்தது. அதில்கூட ஒலரோசோ ஷெர்ரி (ஸ்பெயினின் ஒரு வகை ஒயின்) பீப்பாயில் இருப்பது கடைசி ஒன்பது மாதம்தான். கிளென்ஃபிடிக் டிஸ்டில்லரி 2016-ல் வெளியிட்ட ஐபிஏ எக்ஸ்பெரிமென்ட், பீர் பீப்பாயில் இருந்தது 12 வாரம். 2019-ல் ஸ்காட்ச் விதிகள் தளர்ந்தபின் டெக்கீலா (மெக்ஸிகோவின் கற்றாழை மது), கல்வடாஸ் (பிரான்ஸின் ஆப்பிள் பிராந்தி) பீப்பாய்களுக்கும் வழி திறந்தது. ஆகவே விசித்திரமான லேபிள்கள் இனியும் வரும்.

பாட்டிலைத் திறக்கும் முன் லேபிளில் நான் முதலில் தேடுவது காலத்தை. எத்தனை மாதம் இரண்டாவது பீப்பாயில் இருந்தது? காலி பீப்பாய் என்று சொன்னாலும், மரத்துக்குள் பழைய பானம் லிட்டர் கணக்கில் ஊறி நிற்கும். சில வாரத்தில் விஸ்கிக்குள் வருவது பெரும்பாலும் அந்த ஊறிய பானம். மரம் தன் வேலையைக் காட்டவும், காற்று மெதுவாக உள்ளே வந்து போய்ச் சுவைகளைச் சேர்த்துக் கட்டவும் மாதங்கள், சில நேரம் வருடங்கள் வேண்டும். காலம் குறைவு என்பதாலேயே விஸ்கி மோசம் என்று ஆகிவிடாது. எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், அவ்வளவுதான். நிறத்துக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதி இருக்கிறது.

அப்புறம், ஒரு துணை கிளாஸ் வேண்டும். அதே டிஸ்டில்லரியின் சாதாரண, பர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் மட்டும் வளர்ந்த விஸ்கி கிடைத்தால் அதையே பக்கத்தில் ஊற்றி வையுங்கள். இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. துணை கிளாஸ் இல்லாமல், எது ஸ்பிரிட்டின் (அந்த டிஸ்டில்லரி வடித்த மதுவின்) குணம், எது விருந்தாளியான இரண்டாவது பீப்பாயின் குணம் என்று பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

வாய் குறுகிய டூலிப் வடிவ கிளாஸ் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 மில்லி ஊற்றுங்கள். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும், மூக்கைக் கிளாஸுக்குள் திணிக்காதீர்கள். முதலில் துணை கிளாஸ், அப்புறம் ஃபினிஷ் ஆனது, மறுபடி துணை. ஊற்றியவுடன் ஒரு குறிப்பு, பத்து நிமிடத்தில் ஒன்று, அரை மணியில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று எழுதுங்கள்.

ஒரு டெக்கீலா பீப்பாய் ஃபினிஷுக்கு நான் எழுதியதைச் சொல்கிறேன். ஊற்றியதும்: எலுமிச்சைத் தோல், பச்சை மிளகு, ஈரமான களிமண். பத்து நிமிடம்: மிளகு இன்னும் முன்னால், விஸ்கியைக் காணோம். அரை மணி: களிமண் வாசனை ஒதுங்கிவிட்டது, வெண்ணிலா வருகிறது, துணை கிளாஸில் இருந்த அதே பேரிக்காய். ஒரு மணி: பேரிக்காயும் எலுமிச்சைத் தோலும் ஒன்றாக, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இத்தனை பொறுமையும். நேரம் போகப் போக அடியில் இருந்த ஸ்பிரிட் மேலே வந்து, வந்த பீப்பாயோடு கைகோத்தால் அது நல்ல ஃபினிஷ். என் 91 மதிப்பெண் ஒயின் விஸ்கியில் நடந்தது நேர்மாறு: அரை மணியில் ஜாம் வாசனை மெலிந்தது, அதற்குப் பின்னால் பச்சை மரமும் ஸ்பிரிட்டின் காரமும் மட்டும் நின்றன.

வாயில் ஒரு சிறு மடக்கு எடுத்து, எட்டுப் பத்து நொடி வைத்திருங்கள். நாக்கு நுனியில் வரும் இனிப்பை நம்பி எதையும் எழுத வேண்டாம். இனிப்பு எல்லோரையும் சீக்கிரம் வசப்படுத்தும். நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இனிப்பு வந்து, சட்டென்று ஒரு பள்ளம், அப்புறம் மரக்கசப்பு என்றால் இரண்டும் ஒட்டவில்லை. அதிக நேரம் கொதித்த தேநீர் போல ஈறு வறண்டு இழுத்தால், புது மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிஞ்சிவிட்டது. நிறைய பாட்டில்களைச் சுவைக்கும் நாளில் துப்பிவிடுவதுதான் சரி. பின்சுவை அப்போதும் தெரியும்.

ஒரு குறையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: கந்தகம். ஒயின், ஷெர்ரி பீப்பாய்கள் கெடாமலிருக்க உள்ளே கந்தகம் எரிக்கும் வழக்கம் உண்டு. அது மிஞ்சினால் உரசிய தீக்குச்சி, ரப்பர், வேகவைத்த முட்டை மாதிரி வாசனை வரும். சிலருக்கு இது துளியும் தெரியாது, சிலருக்குக் கிளாஸையே தூர வைக்கத் தோன்றும். உங்கள் மூக்கு எந்த வகை என்று தெரிந்துகொண்டால் மற்றவர்களின் மதிப்புரையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து தண்ணீர். சொட்டு மருந்து விடும் டிராப்பரால் மூன்று சொட்டு விடுங்கள், முகருங்கள், பிறகு இன்னும் மூன்று. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: ஆல்கஹால் அளவு குறையும்போது, புகைவாசனை தரும் குவையகால் மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது. அதனால்தான் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் எரிபொருள்) புகை உள்ள விஸ்கியை ஒயின் பீப்பாயில் ஃபினிஷ் செய்திருந்தால் நான் தண்ணீர் விடாமல் தீர்ப்பு எழுதுவதில்லை. ஆறு சொட்டில் புகை எழுந்து வந்து, பழவாசனையும் கூடவே நின்றால் அந்த விஸ்கிக்கு உறுதி இருக்கிறது. பழவாசனை மட்டும் கரைந்து போனால் அது மேல்பூச்சு.

சந்தேகம் தீரவில்லையென்றால் மூன்று கிளாஸ் சோதனை. வீட்டில் ஒருவரிடம் சொல்லி, இரண்டில் ஒரே விஸ்கியும் ஒன்றில் மற்றதும் ஊற்றி, அடியில் அடையாளம் ஒட்டச் சொல்லுங்கள். நிறம் காட்டிக்கொடுக்கும், அதனால் விளக்கைக் குறைத்துவிடுங்கள். தனியாக நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டுவாக்கில் சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, எனவே நாலைந்து தடவை வேறு வேறு நாளில் செய்யுங்கள். அபூர்வப் பீப்பாய் என்று பெரிதாக அச்சிட்டிருந்த ஒரு விஸ்கியை நான் ஐந்தில் இரண்டு தடவைதான் பிரித்தெடுத்தேன். விஸ்கி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பீப்பாய் அதற்கு எதையும் சேர்க்கவில்லை, குறிப்பிலும் அப்படியே எழுதினேன்.

கிளாஸைக் கழுவாமல் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் ஆல்கஹால் போயிருக்கும், காய்ந்த கிளாஸில் மிச்ச வாசனை இருக்கும். பார்லி, மரம், புகை இருக்கிறதா, பழச்சாறு காய்ந்த நெடி மட்டும்தானா என்று முகர்ந்து ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண்ணை இப்போதும் போட வேண்டாம். பாட்டிலை மூடி, நிமிர்த்தி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து முதல் குறிப்பைப் பார்க்காமல் மறுபடி உட்காருங்கள். இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்ட பிறகு ஒரே ஒரு எண் போடுங்கள், பக்கத்திலேயே தேதியும்.