ஃபைனல் ஃபேண்டஸி 14: காசு கொடுத்துக் கதையைத் தாண்டுவது எப்படி?

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் டான்ட்ரெயில்ல இருக்காங்க, நான் மட்டும் இன்னும் முதல் ஊரையே சுத்திக்கிட்டிருக்கேன். கதையைத் தாண்ட முடியுமா?" ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில் புதிதாகச் சேர்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டான்ட்ரெயில் என்பது அதன் எக்ஸ்பான்ஷன்களில், அதாவது பிறகு வந்த கூடுதல் பாகங்களில், ஒன்று. முடியும். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

இந்த விளையாட்டில் கதைதான் வாசல். 2013-இல் வந்த எ ரெல்ம் ரீபார்ன் கதையை முடித்தால்தான் ஹெவன்ஸ்வர்ட் (2015) திறக்கும். பிறகு ஸ்டார்ம்பிளட் (2017), ஷேடோபிரிங்கர்ஸ் (2019), எண்ட்வாக்கர் (2021), டான்ட்ரெயில் (2024) என்று வரிசை. லெவல் எவ்வளவு ஏறியிருந்தாலும் கதை முடியாமல் அடுத்ததற்குள் நுழைய முடியாது. ஸ்டார்ம்பிளட் வந்த சமயத்தில்தான் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 'டேல்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' என்ற பெயரில் கதையைத் தாண்டும் வசதியை விற்கத் தொடங்கியது.

படி 1: எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

திரையின் இடது மேல் மூலையில் அடுத்த முதன்மைக் கதை க்வெஸ்ட்டின் (செய்து முடிக்க வேண்டிய பணியின்) பெயர் எப்போதும் தெரியும். அது எந்த எக்ஸ்பான்ஷனைச் சேர்ந்தது என்று பார்த்தால், இன்னும் எவ்வளவு பாக்கி என்று புரிந்துவிடும்.

படி 2: இலவச வழியை முதலில் முயலுங்கள்

பெரும்பாலான கட்சீன்களை (கதை சொல்லும் காட்சிகளை) எஸ்கேப் பட்டனை அழுத்தியே தாண்டலாம். ஒரு சிறு பெட்டி வந்து உறுதிப்படுத்தச் சொல்லும், அவ்வளவுதான். கதை படிக்கப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே உங்கள் பிரச்சினை என்றால் காசு தேவையே இல்லை. எ ரெல்ம் ரீபார்ன் பகுதி இழுவை என்று பழைய பதிவுகள் பயமுறுத்தும். 2020-இல் வந்த 5.3 பேட்ச் (அப்டேட்) அதில் நிறைய க்வெஸ்ட்டுகளை வெட்டிவிட்டது.

படி 3: எதை வாங்குவது?

பலர் சறுக்குவது இங்கேதான். விற்பனையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று கதையை முடித்துத் தரும், லெவலைத் தொடாது. இன்னொன்று ஒரே ஒரு ஜாப்பின் (உங்கள் கேரக்டர் எடுக்கும் தொழிலின்) லெவலை உயர்த்தும், கதையைத் தொடாது. முதலாவதை மட்டும் வாங்கினால் லெவல் 90 ஊரில் லெவல் 20 ஆளாக நிற்பீர்கள். இரண்டாவதை மட்டும் வாங்கினால் லெவல் 90 ஆளாக முதல் ஊரிலேயே நிற்பீர்கள்.

கதைப் பொருளில் பிந்தைய எக்ஸ்பான்ஷனுக்கானதை வாங்கினால் அதற்கு முந்தைய கதைகளும் சேர்ந்தே முடியும். ஒவ்வொன்றாக வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். இப்போது ஓடும் டான்ட்ரெயில் கதைக்குப் பொருள் கிடையாது, அதை விளையாடித்தான் ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால், ஸ்டார்ம்பிளட் வரை மட்டும் தாண்டுங்கள். ஷேடோபிரிங்கர்ஸும் எண்ட்வாக்கரும் இந்த விளையாட்டின் உயிர். அவற்றை விட்டுவிட்டு நேரே டான்ட்ரெயிலுக்குப் போனால், உடன் நிற்பவர்கள் யார், உங்களை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்றே புரியாது.

படி 4: கணக்கைச் சரிபாருங்கள்

ஃப்ரீ ட்ரயல் கணக்கில் இவற்றை வாங்க முடியாது. ட்ரயலில் லெவல் 70 வரை, ஸ்டார்ம்பிளட் உட்பட, நாள் கணக்கில்லாமல் இலவசமாக விளையாடலாம். முழுப் பதிப்புக்கு மாறிய கணக்கு மறுபடி ட்ரயலுக்குத் திரும்பாது. நேரம் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

படி 5: வாங்கிப் பயன்படுத்துங்கள்

அதிகாரபூர்வ ஆன்லைன் ஸ்டோரில் வாங்கும்போது எந்த கேரக்டருக்கு என்று கேட்கும். பெயரையும் சர்வரையும் இரண்டு முறை பாருங்கள், பிறகு வேறு கேரக்டருக்கு மாற்ற முடியாது. பொருள் விளையாட்டுக்குள் தபாலில் வரும். ஊரில் தலைக்கு மேல் சிவப்புப் பந்து ஆட நிற்கும், மூகிள் என்ற வெள்ளைக் குட்டி உயிரினத்திடம் போய்க் கடிதத்தைத் திறந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பையிலிருந்து பயன்படுத்தினால் கதை முடிந்ததாகிவிடும். பின்வாங்க வழி இல்லை.

படி 6: அதற்குப் பிறகு

முடிவது முதன்மைக் கதை மட்டுமே. கிளை க்வெஸ்ட்டுகளில் திறக்கும் டன்ஜன்களை (குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடங்களை) நீங்களேதான் திறக்க வேண்டும். தாண்டிய கதையைப் பார்க்க ஆசை வந்தால், விடுதி அறையில் உள்ள 'அன்எண்டிங் ஜர்னி' புத்தகத்தில் கட்சீன்களைப் பார்க்கலாம். 'நியூ கேம் பிளஸ்' வழியாகக் கதையை மறுபடி விளையாடவும் செய்யலாம்.

லெவலையும் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் முப்பது பட்டன்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அப்படியே மற்றவர்களோடு டன்ஜனுக்குள் போகாதீர்கள், உங்களோடு வரும் மூன்று பேரின் நேரமும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டனும் என்ன செய்கிறது என்று படித்து, பயிற்சி பொம்மைகளை அடித்துப் பழகுங்கள். பிறகு 'டியூட்டி சப்போர்ட்' வழியாகக் கணினி இயக்கும் துணையாட்களோடு ஒரு டன்ஜன் போய் வாருங்கள். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.