ஊரிலிருந்து வந்தவர்களோடு ஏப்ரலில் ஆல்ப்ஸ் கடக்க

சுவிஸ் விசா கிடைத்த அன்று பெரியப்பா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "பனியைக் கையால் தொடலாமா, பிள்ளை?" எழுபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவர். ஏற்றம் என்றால் வீட்டுத் திண்ணைதான். என் கணவர் உடனே யுங்ஃப்ராவ்யோக் என்று தொடங்கினார். அந்தத் தொடருந்து நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவே 2,524 மீட்டர்தான். இரத்த அழுத்த மாத்திரை போடுகிற மனிதரை ஒரே காலையில் அவ்வளவு மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, "ஏன் தலை சுற்றுகிறது?" என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுவிஸின் தூண் நகரில் முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். இந்த விஷயத்தில் வீட்டில் என் சொல்தான் செல்லும்.

சொல்ல வருவது இதுதான்: வசந்த விடுமுறையில் ஆல்ப்ஸ் என்பது பள்ளத்தாக்குகளின் பயணம். உச்சிகளுக்கு ஆசைப்படாதீர்கள். ஏப்ரலில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும். கிரிம்சல், ஃபூர்கா, சூஸ்டன் போன்ற உயரமான கணவாய்ச் சாலைகள் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். இதை நான் படித்து அறியவில்லை. முதல் தடவை மாமியையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு கிரிம்சலுக்குப் புறப்பட்டு, குட்டானென் என்ற கிராமத்தோடு வழி மூடியிருப்பதைப் பார்த்துத்தான் அறிந்தேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் வீடு வரைக்கும் வந்தது. புறப்படும் காலையில் கணவாய் திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இம்முறை ஏழு பேர். பெரியப்பா, பெரியம்மா, ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா, அவளுடைய பத்து வயது மகன், நாங்கள் மூவர். ஏழு இருக்கை வாகனம் போதும் என்று நினைக்காதீர்கள். ஏழிலும் ஆள் அமர்ந்தால் பின்னால் ஒரு மரக்கறிப் பைக்குத்தான் இடம் இருக்கும். ஒன்பது இருக்கை வாகனத்தை வாடகைக்கு எடுங்கள். சாதாரண கார் ஓட்டுநர் உரிமத்திலேயே அதை ஓட்டலாம். எங்கள் வழி இத்தாலிக்குள் புகுந்து வரும், அதனால் அங்கே போக அனுமதி உண்டா என்று வாடகைத் தாளில் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்கும் 150 சென்டிமீட்டருக்கும் குறைந்த பிள்ளைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். "கனடாவில் எனக்கு அது தேவையில்லை" என்று அக்காவின் மகன் வாதாடினான். இங்கே தேவை என்றேன்.

நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய கட்டண வில்லையான வின்யெட் 40 பிராங்க். இப்போது இலக்கத் தகட்டோடு இணைத்து இணையத்திலும் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம். குளிர்கால டயரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்று இங்கே சொல்வார்கள். கணவாய் கடப்பவர்கள் ஈஸ்டருக்குப் பிறகும் வைத்திருப்பது நல்லது. இத்தாலியில் அறிவிப்புப் பலகை உள்ள சாலைகளில் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ சட்டப்படி வேண்டும். ஊரிலிருந்து வருபவர்கள் சுவிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசா இத்தாலிக்கும் செல்லும். எல்லையில் யாரும் நிறுத்தாவிட்டாலும் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். மாத்திரைகள் பெட்டிக்குள் அல்ல, கைப்பைக்குள்.

எந்த நாளில் புறப்படுவது என்பதுதான் பாதி வெற்றி. பெரிய வெள்ளியன்று கொத்தார்ட் சுரங்கத்தின் வடக்கு வாசலில் வாகனங்கள் பல கிலோமீட்டருக்கு நிற்கும். ஈஸ்டர் திங்களன்று அதே கூட்டம் தெற்கு வாசலில். 17 கிலோமீட்டர் சுரங்கத்துக்காக மூன்று மணிநேரம், கழிப்பறை இல்லாமல், எழுபது வயதுக்காரர்களோடு! நாங்கள் ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று, கொத்தார்ட் பக்கமே போகாமல் புறப்பட்டோம்.

தூணிலிருந்து காண்டர்ஸ்டேக் வரை முக்கால் மணிநேரம். அங்கே காரோடு தொடருந்தில் ஏறி, லோட்ச்பேர்க் சுரங்கத்தைக் கால் மணிநேரத்தில் தாண்டி கொப்பன்ஸ்டைனில் இறங்கலாம். 1913இல் திறந்த சுரங்கம். உள்ளே கும்மிருட்டு, நாம் காருக்குள்ளேயேதான் இருப்போம். இதை முதலே சொல்லிவையுங்கள். நான் சொல்ல மறந்தேன். இருட்டிய நொடியில் பெரியம்மா கந்தசஷ்டிக் கவசத்தைத் தொடங்கி, வெளிச்சம் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

பிரிக் நகரில் கழிப்பறை, தேநீர், பிறகு சிம்ப்லோன். 2,005 மீட்டர் உயரம். ஆனாலும் பெரும்பாலும் குளிர்காலம் முழுவதும் திறந்திருக்கும் கணவாய். நெப்போலியன் பீரங்கிகளைக் கொண்டுபோக 1801 முதல் 1805 வரை போடுவித்த பாதையின் வாரிசு இது. ஏப்ரலில் மேலே வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே பனி குவிந்து கிடக்கும். கேபிள் கார் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். கதவைத் திறந்து பத்தடி நடந்தால் போதும். பெரியப்பா ஒரு பிடி அள்ளி, முகர்ந்து பார்த்து, கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்தார். கீழே இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது.

அந்தப் பத்தடிக்கும் ஆயத்தம் வேண்டும். உறவினர்கள் செருப்போடுதான் வருவார்கள். சப்பாத்தும் இரண்டு சோடி தடித்த காலுறையும் வாகனத்தில் இருக்கட்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். காற்று பலமாக அடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். இருபது நிமிடம் போதும். கடும் பனியில் கணவாயை மூடினால் பிரிக்கிலிருந்து இத்தாலியின் இசெல்லேக்குக் காரோடு தொடருந்து உண்டு. நேர அட்டவணையை மட்டும் முன்பே பாருங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதீர்கள், கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள். வாந்தி வருபவரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். எலுமிச்சம்பழம் முகரக் கொடுக்கலாம். ஆனால் காலையில் வயிறு நிறையப் பிட்டும் முட்டைப் பொரியலும் கொடுத்திருந்தால் எலுமிச்சை என்ன செய்யும்?

இத்தாலியின் டொமொடொசொலாவில் நான் செய்த ஏற்பாடுதான் இந்தப் பயணத்திலேயே கெட்டிக்காரத்தனமானது. அங்கிருந்து மறுபடி சுவிஸுக்குள், லொகார்னோவுக்குச் செண்டோவாலி பள்ளத்தாக்கு வழியே போகும் சாலை ஒடுங்கியது, வளைவுக்கு மேல் வளைவு. அதே பள்ளத்தாக்கில் 1923 முதல் ஒரு சிறு தொடருந்து ஓடுகிறது. 52 கிலோமீட்டர், 83 பாலங்கள், கிட்டத்தட்ட இரண்டு மணிநேரம். கணவரை வாகனத்தோடு தனியே அனுப்பிவிட்டு நாங்கள் ஆறு பேரும் தொடருந்தில் ஏறினோம். யன்னலுக்குக் கீழே கிடுகிடு பள்ளம், மரங்களில் புதுத் துளிர். நான் வாகனம் ஓட்டாமல் ஆல்ப்ஸைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லொகார்னோ நிலையத்தில் நின்றார். ஒரு ஐஸ்கிரீமில் சரியாயிற்று.

லொகார்னோவில் மூன்று இரவு தங்குங்கள். தினம் ஊர் மாறினால் பெட்டி கட்டவே பெரியவர்களின் தெம்பு போய்விடும். வடக்கே குளிர் அடிக்கையில் இங்கே ஏரிக்கரையில் கமேலியா பூத்திருக்கும். கரையோர மரங்களைப் பார்த்துப் பெரியம்மா, "பனை மாதிரித்தான் இருக்கிறது, நுங்கைக் காணவில்லை" என்றார். மடொன்னா டெல் சாசோ கோயிலுக்கு இழுவை இரயில் உண்டு. பெலின்சோனாவின் மூன்று கோட்டைகளில் காஸ்டெல்கிராண்டேக்கு ஊரிலிருந்தே மின்தூக்கி இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஒன்றே போதும். கடைகள் ஞாயிறன்று பூட்டு. அரிசி, பால், தயிரைச் சனியே வாங்கிவிடுங்கள். ஆனால் பெரிய வெள்ளி, லொகார்னோ இருக்கும் டிசினோ மாநிலத்தில் அரச விடுமுறை அல்ல. கத்தோலிக்க மாநிலத்தில் இப்படி இருப்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

சமையலறையோடு கூடிய வீடாகப் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பு இந்த விடுமுறைக்குள்தான் பெரும்பாலும் விழும். பெரியம்மா பால் பொங்கி வழிய வேண்டும் என்று நின்றார். கண்ணாடி அடுப்பில் வழிந்த பால் கருகிப் பிடித்து, பிளேடால் சுரண்ட எனக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று. பெரிய பானையில் கொஞ்சமாகப் பால் விட்டு, விளிம்பைத் தொடும் நொடியில் அரிசியைப் போடுங்கள். பொங்கியதாகவும் ஆகும், வீட்டுக்காரர் துப்புரவுக் காசும் பிடிக்கமாட்டார்.

திரும்பும்போது சான் பெர்னார்டினோ சுரங்கம் வழியே கூர் நகர், அங்கிருந்து வாலன் ஏரியோரமாக வடமேற்கே. வாகனத்தில் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஒருவரையும் தொடர்ந்து இருத்தாதீர்கள். "தேவையில்லை" என்று சொல்பவரையும் கழிப்பறைக்கு இறக்குங்கள். அவர்தான் அடுத்த பதினைந்தாம் நிமிடம் கேட்பார். நிலையக் கழிப்பறைகளுக்கு ஒரு பிராங்க், இரண்டு பிராங்க் நாணயங்களைத் தனியாக எடுத்துவையுங்கள்.

கடைசி நிறுத்தம் ஐன்சீடெல்ன். நெடுஞ்சாலையிலிருந்து சிறிது தூரம் விலகினால் பெனடிக்டின் மடமும் கறுப்பு மாதாவும். இலங்கையில் மடு மாதா கோயிலுக்குப் போன கால்கள் இங்கேயும் வரும். சுவிஸில் உள்ள நம்மவர்கள், சைவர்களும் சேர்த்துத்தான், நெடுங்காலமாக வந்துபோகிறார்கள். மாதாவுக்கு நாளுக்கு ஏற்றபடி ஆடை மாற்றுவார்கள் என்று சொன்னதும் பெரியம்மா எங்கள் அம்மனுக்குச் சாத்துப்படி செய்வது போலத்தான் என்று உள்ளே போய் அமர்ந்தார். அரை மணிநேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. அந்த இடைவெளியை முதலே விட்டுவையுங்கள், மெழுகுதிரிக்குச் சில்லறையும்.