மணி அடிக்கிறது, குரல் கேட்கவில்லை: டர்ன் சர்வர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகச் சாட் சர்வர் நடத்துகிற பலரும் ஒரு கட்டத்தில் இதே புகாரைக் கேட்டிருப்பார்கள். எழுத்துச் செய்தி போகிறது, படம் போகிறது. அழைத்தால் மணியும் அடிக்கிறது. எதிர்முனையில் எடுத்ததும் ஒரே அமைதி. கொஞ்ச நேரத்தில் அழைப்பு தானாகவே துண்டிக்கப்படுகிறது. ஆனால் சர்வரை அமைத்தவர் தன் வைஃபையில் இரண்டு போனை வைத்துப் பார்த்தால் குரலும் வீடியோவும் அருமையாக வரும்.

காரணம், மணியும் குரலும் ஒரே வழியில் போவதில்லை. மணி அடிக்கச் சொல்லும் செய்தி சாட் சர்வர் வழியாகப் போகிறது. குரலும் வீடியோவும் முடிந்தவரை இரண்டு கருவிகளுக்கு இடையே நேராகப் போகப் பார்க்கும். அதற்காக இரு பக்கமும் தங்களை எட்டக்கூடிய முகவரிகளைத் திரட்டிப் பரிமாறிக்கொள்கின்றன. இந்த முறைக்கு ஐஸ் என்று பெயர். அந்த முகவரிகள் பொதுவாக மூன்று வகை: கருவியின் சொந்த முகவரி, வெளியுலகத்துக்குத் தெரியும் முகவரி, நடுவில் ஒரு சர்வர் கடன் கொடுக்கும் ரிலே முகவரி. இரண்டாவதைச் சொல்வது ஸ்டன், மூன்றாவதைத் தருவது டர்ன்.

முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. ஸ்டன் மட்டும் வைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்டன் உங்கள் வெளி முகவரியைச் சொல்லுமே தவிர, ஒரு பைட் குரலைக்கூடச் சுமக்காது. பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் கருவிகளில் சில, ஒவ்வொரு இலக்குக்கும் வெவ்வேறு போர்ட் ஒதுக்கும். ஸ்டன் சர்வரிடம் பேசியபோது கிடைத்த போர்ட், நண்பரிடம் பேசும்போது செல்லாது. குரலும் வீடியோவும் வழக்கமாகப் போகும் யுடிபி முறையையே அலுவலக ஃபயர்வால் அடைத்திருந்தால் ஸ்டனுக்கு வேலையே இல்லை. இந்த இரண்டு இடத்திலும் கைகொடுப்பது டர்ன்தான்.

ஒரே வைஃபையில் சோதிப்பது

எல்லாத் தவறுகளையும் மறைத்து வைப்பது இந்தத் தவறு என்பதால் இதை முன்னால் சொல்கிறேன். இரண்டு கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் ஐஸ் நேர் வழியைத் தேர்ந்தெடுத்துவிடும். டர்ன் சர்வர் அணைந்தே கிடந்தாலும் அழைப்பு வேலை செய்யும். ஒரு போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் ஓரளவு பரவாயில்லை, ஆனால் அப்போதும் நேர் வழி கிடைத்துவிடலாம். ரிலே மட்டுமே பயன்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்திச் சோதிப்பதுதான் நம்பகமான வழி. பிரவுசர்களும் செயலிகளும் அழைப்புக்குப் பயன்படுத்தும் வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தில் அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. சில சாட் செயலிகளிலும் ஐபி முகவரியை மறைக்க, எப்போதும் ரிலே வழியாகவே பேசு என்ற தேர்வு இருக்கும். அதை இயக்கி ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள். இனி சொல்லப்போகிற தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஓர் அழைப்பிலேயே வெளியே வந்துவிடும்.

போர்ட்டும் முகவரியும்

டர்னின் வழக்கமான போர்ட் 3478. டிஎல்எஸ் என்ற குறியாக்கம் செய்த இணைப்பு வழியாக என்றால் 5349. இவற்றைத் திறந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். இவை வாசல் மட்டுமே. ஒவ்வொரு ரிலேவுக்கும் சர்வர் தனியாக ஒரு யுடிபி போர்ட் ஒதுக்கும். பரவலாகப் பயன்படும் கோடர்ன் என்ற டர்ன் சர்வர் மென்பொருளில் அந்த வரம்பு இயல்பாக 49152 முதல் 65535 வரை. இதையும் திறக்க வேண்டும். அத்தனை போர்ட் திறக்கத் தயக்கமாக இருந்தால் கோடர்னில் மின்-போர்ட், மேக்ஸ்-போர்ட் இரண்டையும் கொண்டு வரம்பைச் சுருக்குங்கள், ஃபயர்வாலிலும் அதே எண்களைப் போடுங்கள். கிளவுட் இயந்திரமாக இருந்தால் ஃபயர்வால் இரண்டு அடுக்காக இருக்கும்: கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒன்று, இயந்திரத்துக்குள் ஒன்று. இரண்டிலும் திறந்தாக வேண்டும். டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளில் ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கான போர்ட்டுகளை ஒவ்வொன்றாக இணைக்க முயல வேண்டாம், இயந்திரமே திணறும். ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓட்டுவதே நல்லது.

கிளவுட் இயந்திரங்களில் இன்னொரு குழி உண்டு. பல இடங்களில் இயந்திரத்துக்குத் தன் பொது முகவரியே தெரியாது. அதன் கையில் இருப்பது 10 என்றோ 172 என்றோ தொடங்கும் உள் முகவரிதான். பொது முகவரியை வெளியே இருக்கும் நாட் சுமக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் டர்ன் சர்வர் அந்த உள் முகவரியையே ரிலே முகவரியாகக் கொடுத்துவிடும். எதிர்முனை அதை எட்டவே முடியாது. லாகில் எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும் என்பதுதான் கொடுமை. கோடர்னில் எக்ஸ்டர்னல்-ஐபி என்ற வரியில் பொது முகவரி, சாய்கோடு, உள் முகவரி என்று இரண்டையும் எழுத வேண்டும். ஈஜாபர்டி என்ற சாட் சர்வருக்குள்ளேயே டர்ன் இருக்கிறது. அதற்கும் பொது முகவரியை அதன் அமைவுக் கோப்பில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரிலேவை யாரிடம் பேச விடுவது

அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இது. டர்ன் என்பது, கேட்பவர் சொல்லும் முகவரிக்கு உங்கள் இயந்திரத்திலிருந்து பாக்கெட் அனுப்பும் சேவை. அந்த முகவரி உங்கள் உள் நெட்வொர்க்கில் இருக்கும் டேட்டாபேஸாக இருந்தால்? அல்லது பல கிளவுட்களில் இயந்திரத்தின் ரகசியங்களைத் தரும் 169.254.169.254 ஆக இருந்தால்? கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபயர்வாலுக்கு உள்ளே கை நீட்டலாம். ஆகவே கோடர்னின் டினைட்-பியர்-ஐபி வரிகளில் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, 100.64.0.0/10, 169.254.0.0/16, 127.0.0.0/8 ஆகிய வரம்புகளை அடைத்துவிடுங்கள். ஐபிவி6 வைத்திருந்தால் அதற்குரிய உள் வரம்புகளையும் சேருங்கள். குரலுக்கும் வீடியோவுக்கும் டிசிபி ரிலே (சர்வரிலிருந்து எதிர்முனைக்கு டிசிபி முறையில் அனுப்புவது) தேவையில்லை, அதையும் மூடிவிடலாம். மென்பொருளைப் புதுப்பித்தும் வையுங்கள். கோடர்னில் 0.0.0.0 என்ற முகவரியைக் கொடுத்து இயந்திரத்தின் உள் சேவைகளை எட்ட முடிந்த ஒரு ஓட்டை இருந்தது. அது 4.5.2 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது.

சரி, எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. இப்போது வேறொரு சிக்கல் வரும். இதில் நான் முழுதாக இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். இரு பக்கமும் யுடிபி அடைக்கப்பட்ட ஃபயர்வாலுக்குள் இருந்தால், இருவருமே ரிலே முகவரி வாங்குவார்கள். அப்போது உங்கள் டர்ன் சர்வர் தன்னோடு தானே பேச வேண்டும். எக்ஸ்டர்னல்-ஐபி போட்டிருந்தால் கோடர்ன் அந்தப் பொது முகவரியை உள் முகவரியாக மாற்றிப் பார்க்கும். நாம் அடைத்த வரம்பில் அது சிக்கிக்கொள்ளும், 403 என்று மறுப்பு வரும். ஒரு பக்கம் மட்டும் ரிலே என்றால் அழைப்பு நன்றாகப் போகும், இரு பக்கமும் என்றால் போகாது. தீர்வு ஒரே வரிதான்: அலவுட்-பியர்-ஐபி என்று சர்வரின் சொந்த உள் முகவரியை மட்டும் விதிவிலக்காகச் சேர்ப்பது. அப்படிச் சேர்க்கும் முன், அந்த முகவரியில் அதே இயந்திரத்தில் வேறென்ன யுடிபி சேவைகள் காதைத் திறந்து வைத்திருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

ரகசியச் சொல்லும் கடிகாரமும்

எல்லோருக்கும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல் என்று வைக்காதீர்கள். அது ஒருமுறை கசிந்தால் உங்கள் பேண்ட்வித்தை ஊரே பயன்படுத்தும். சாட் சர்வரும் டர்ன் சர்வரும் மட்டும் அறிந்த ஒரு ரகசியச் சொல் வைத்து, அதிலிருந்து தற்காலிகக் கடவுச்சொல் உருவாக்கித் தருவதே முறை. இதில் பயனர்பெயரிலேயே காலாவதி நேரம் இருக்கும். எனவே இரண்டு இயந்திரங்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ரகசியச் சொல் இரண்டு கோப்பிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். காலக்கெடுவை ப்ரோசோடி என்ற சாட் சர்வர் விநாடியில் கேட்கிறது. மேட்ரிக்ஸ் சாட் முறைக்கான சினாப்ஸ் சர்வரில் அலகு எழுதாமல் வெறும் எண் போட்டால் அது மில்லிவிநாடி. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு 86400 என்று நகல் எடுத்தால் ஒரு நாள் என்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகிவிடும்.

லாகில் 401 பார்த்ததும் பலர் பதறிக் கோப்பை மாற்றத் தொடங்குகிறார்கள். முதல் கேள்விக்கு 401 வருவது டர்னின் இயல்பு. சர்வர் அடையாளம் கேட்கிறது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த முயற்சியும் தோற்றால்தான் கவலைப்பட வேண்டும்.

டிஎல்எஸ், பெயர், ஒதுக்கீடு

கெடுபிடியான ஃபயர்வால்கள் 443 போர்ட்டில் டிசிபியை மட்டும் விடும். அவற்றுக்காக டர்னை டிஎல்எஸ்ஸோடு 443இல் வைப்பது நல்ல யோசனை. ஆனால் அதைச் சாதாரண வெப் ப்ராக்ஸிக்குப் பின்னால் வைக்காதீர்கள். டர்ன் ஹெச்டிடிபி அல்ல. அதே காரணத்தால் டர்னுக்கான டொமைன் பெயர், வெப் பக்கங்களை இடையில் நின்று பரிமாறும் சிடிஎன் சேவை வழியாகச் சுற்றாமல் நேராக இயந்திரத்தைக் காட்ட வேண்டும். ஐபிவி6 பதிவு இருந்தால் அதிலும் சர்வர் பதில் சொல்ல வேண்டும். சான்றிதழின் சாவிக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லாவிட்டால் கோடர்ன் நின்றுவிடாது. லாகில் ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டு டிஎல்எஸ் இல்லாமலே ஓடும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் கோடர்னை அதை மீண்டும் படிக்கச் செய்யவும் ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் பழைய சான்றிதழையே காலாவதியான பிறகும் நீட்டிக்கொண்டிருக்கும்.

யூசர்-கோட்டா என்பதை ஒருவர் ஒரே நேரத்தில் பேசும் அழைப்புகளின் எண்ணிக்கை என்று நினைத்து 1 அல்லது 2 போடுபவர்கள் உண்டு. அது எண்ணுவது ரிலே ஒதுக்கீடுகளை. ஒரே வீடியோ அழைப்பு நான்கு ஒதுக்கீடு வரை கேட்கலாம். எண் குறைவாக இருந்தால் 486 என்ற பிழை வரும், குரல் வந்து வீடியோ வராமல் போகும். 12 என்று வைத்தால் ஒருவருக்கு மூன்று அழைப்புக்கு இடம் இருக்கும். அப்புறம் டோட்டல்-கோட்டாவை உங்கள் பேண்ட்வித்தைப் பார்த்து வையுங்கள். ரிலேவில் ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று இருமுறை எண்ணப்படுகிறது.