பிஎச்பியில் நாலு போஸ்ட்கிரெஸ் குவெரியை ஒரே நேரத்தில் ஓட்ட

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரிப்போர்ட் குவெரிகளை வரிசையில் நிற்க வைப்பது வீண். பிடிஓவில் (பல டேட்டாபேஸ்களுக்கும் பொதுவான பிஎச்பி இணைப்பு முறை) இதற்கு வழியில்லை. பிஜி_ என்று தொடங்கும் ஃபங்ஷன்களைத்தான் எடுக்க வேண்டும்.

முதல் வேலை கனெக்‌ஷன். ஒரு கனெக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு குவெரிதான் ஓடும், ஆகவே குவெரிக்கு ஒன்று வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். பிஜி_கனெக்ட்டை அதே விவரங்களோடு இரண்டாம் முறை கூப்பிட்டால் புதுசு திறக்காது, பழையதையே திருப்பித் தரும். இரண்டாவது குவெரியை அனுப்பும்போது பிஎச்பி முதல் குவெரி முடியும்வரை நின்று, அதன் ரிசல்ட்டைத் தூக்கி எறிந்துவிடும். எரர் வராது, ஒரு நோட்டீஸ் மட்டும். பிறகு முதல் வேரியபிளில் படித்தால் இரண்டாவதன் விடை இருக்கும்! பிஜி_கனெக்ட்டின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக பிஜிஎஸ்க்யூஎல்_கனெக்ட்_ஃபோர்ஸ்_நியூ கொடுங்கள். சரிபார்க்க, இரண்டு கனெக்‌ஷனிலும் 'செலக்ட் பிஜி_ஸ்லீப்($1)' அனுப்பி மதிப்பாக 2 கொடுங்கள் ($1 என்பது மதிப்பு வந்து உட்காரும் இடம், பிஜி_ஸ்லீப் அத்தனை வினாடி சும்மா காத்திருக்கும்). மொத்தம் 2 வினாடி என்றால் சரி. 4 என்றால் கனெக்‌ஷன் ஒன்றேதான்.

அடுத்து பிஜி_சென்ட்_குவெரி_பாராம்ஸ்: கனெக்‌ஷன், குவெரி, மதிப்புகளின் அரே. $1-ஐச் சுற்றி எஸ்க்யூஎல் மேற்கோள் போடாதீர்கள், போட்டால் அது வெறும் எழுத்து. டேபிள் பெயரை $1 ஆக்க முடியாது. ஒரே அழைப்பில் அரைப்புள்ளி போட்டு இரண்டு குவெரி அனுப்பவும் முடியாது. பிஎச்பியின் ஃபால்ஸ் காலி ஸ்ட்ரிங்காகப் போகும், பூலியன் (ஆம்/இல்லை) நெடுவரிசை அதை ஏற்காது. 'F' என்றே எழுதி அனுப்புங்கள். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் NULL மட்டும் ஒழுங்காக NULL ஆகவே போகும்.

எல்லாவற்றையும் அனுப்பிய பிறகே பிஜி_கெட்_ரிசல்ட். ஒன்றை அனுப்பியதும் உடனே படித்தால், வரிசையில் நிற்கும் பழைய கதைதான். பிஜி_கனெக்‌ஷன்_பிஸியை வைல் லூப்பில் சுற்றவிட்டு சிபியுவைச் சூடாக்க வேண்டாம்: கெட்_ரிசல்ட் தானே காத்திருக்கும், மொத்த நேரம் நீளமான குவெரியின் நேரம்தான். முதலில் முடிந்ததை முதலில் எடுக்க வேண்டுமானால் பிஜி_சாக்கெட்டை ஸ்ட்ரீம்_செலக்ட்டிடம் கொடுங்கள். ஃபால்ஸ் வரும்வரை கெட்_ரிசல்ட்டைக் கூப்பிட்டால்தான் அந்தக் கனெக்‌ஷன் அடுத்த குவெரிக்குத் தயார்.

பின்சேர்க்கை: சென்ட் ட்ரூ தந்தது என்றால் குவெரி போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். நெடுவரிசைப் பெயர் தப்பாக இருந்தாலும் ரிசல்ட் வரும், அதில் வரிசைகள் இருக்காது. ஒவ்வொரு ரிசல்ட்டையும் பிஜி_ரிசல்ட்_எரரில் பாருங்கள். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் (சர்வர் ஒரே நேரத்தில் ஏற்கும் அதிகபட்ச இணைப்புகள்) வழக்கமாக 100. பக்கத்துக்கு 4 பிடித்தால் 25 பேர் ஒன்றாக வந்தாலே தீர்ந்துவிடும்.