கணினி வலையமைப்பு: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'வைஃபை இருக்கிறது, நெட்தான் வரவில்லை' என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். இரண்டும் வேறு என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது. விடைத்தாளில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உங்கள் மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள கம்பியில்லா இணைப்புதான் வைஃபை. தெருவில் சேவை நிறுவனத்தின் கேபிள் அறுந்து கிடந்தாலும் வைஃபை சின்னம் முழுதாகவே தெரியும்.

இணையமும், உலாவியில் நாம் திறக்கும் இணையதளங்களின் தொகுப்பான வையவிரி வலையும் (WWW) ஒன்றென எழுதுவது இன்னும் வேரோடிய தவறு. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பப்பட்டது 1969 இல். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வையவிரி வலையை முன்மொழிந்தது 1989 இல். இடையில் 20 ஆண்டுகள்! மின்னஞ்சல் அதற்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இணையத்தின் மேல் இயங்கும் சேவைகளில் வையவிரி வலையும் ஒன்று, அவ்வளவுதான்.

ஸ்விட்ச், ரூட்டர் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். ஒரே வலையமைப்புக்குள் மேக் முகவரியை (கருவியின் வலையமைப்பு வன்பொருளுக்குரிய அடையாள எண்) பார்த்து உரிய கணினிக்குத் தரவை அனுப்புவது ஸ்விட்ச். ஐபி முகவரியை (வலையமைப்பில் கணினிக்குத் தரப்படும் எண் முகவரி) பார்த்து ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது ரூட்டர். வீட்டிலுள்ள பெட்டி இரு வேலைகளையும் சேர்த்தே செய்வதால்தான் இந்தக் குழப்பம்.

வேகக் கணக்கில் பிட்டையும் பைட்டையும் கலக்காதீர்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். நொடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

192.168.1.300 என்று ஐபி முகவரி எழுதுபவர்களும் உண்டு. இப்படி நான்கு பகுதிகளாக எழுதப்படும் ஐபிவி4 வகை முகவரியின் ஒவ்வொரு பகுதியும் 8 பிட். எனவே 255 ஐத் தாண்டவே முடியாது.

செய்முறை வகுப்பில் நடக்கும் ஒரு தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இணைப்பு போனவுடன் கணினியை அணைத்துப் போடுகிறார்கள். கற்றுக்கொள்ளக் கிடைத்த நல்ல வாய்ப்பு அதோடு போய்விடுகிறது. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முதலில் கேபிளைச் சரிபாருங்கள். முகவரி சரியாக இருந்தால், அதே திரையில் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ள எண்ணுக்கு 'பிங்' (ping) கொடுங்கள்; அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை இது. பதில் வந்தால் ரூட்டர் வரை பாதை சரி. அடுத்து, இணையம் வரை பாதை சரியா என்று பார்க்க, கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் கொடுங்கள். சில பள்ளிகளில் பிங் தடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கும் பதில் வந்து, இணையதளப் பெயரைத் தட்டினால் மட்டும் எதுவும் திறக்கவில்லையா? பெரும்பாலும் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு.