தவழத் துடிக்கும் குழந்தையோடு ஒரு பகல்: வீட்டுப் பொருள்களை வைத்தே விளையாட்டுக் காட்டுவது எப்படி?

ஆறு மாதம் முடிந்து, உட்காரப் பழகி, தவழத் துடிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பகல் பொழுது நகரவே நகராது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, தனியாகப் பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும் இதைச் செய்து பார்க்கலாம். கடைக்குப் போக வேண்டியதில்லை. 6 முதல் 9 மாதக் குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்

4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம்தான் பெரும்பாலான குழந்தைகள் தாங்கும். அதனால் முழுப் பகலையும் நினைத்து மலைக்க வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு யோசித்தால் போதும். தூங்கி எழுந்து, பசியாறி, முகம் தெளிவாக இருக்கும் நேரத்தில் புது விளையாட்டை ஆரம்பியுங்கள். கண்ணைக் கசக்கினாலோ, காதை இழுத்தாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ போதும் என்கிறது என்று பொருள். அப்போது கிலுகிலுப்பையை இன்னும் வேகமாக ஆட்டினால் அழுகைதான் வரும்.

2. தரையைத் தயார் செய்யுங்கள்

ஹாலில் ஒரு பாய், அதன்மேல் பழைய பருத்திப் புடவை. மெத்தை வேண்டாம்; தரை கெட்டியாக இருந்தால்தான் கையையும் காலையும் ஊன்ற முடியும். பிறகு நீங்களே முழங்கால் போட்டுக் குனிந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையை ஒரு சுற்றுப் பாருங்கள். நிற்கும்போது கண்ணில் படாததெல்லாம் இப்போது படும்: சோபாவுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு, ஊக்கு, ஸ்டிக்கர் பொட்டு, வேர்க்கடலை, தொங்கும் சார்ஜர் வயர்.

இதில் மிகவும் பயப்பட வேண்டியது வட்டமான பட்டன் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பூஜை அலமாரிக் கற்பூரம், பீரோவில் போடும் அந்துருண்டை, கொசுவிரட்டித் திரவம் மூன்றையும் எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள். கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்க்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். விபத்துகள் காரணமாகவே கனடா 2004இல் வாக்கர் விற்பனையைத் தடை செய்தது. நம் மர நடைவண்டி வேறு. அது பிடித்து நிற்கத் தெரிந்த பிறகு தள்ளிக்கொண்டு போவதற்கானது.

3. ஒரு கூடை, பத்துப் பொருள்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், உட்காரத் தெரிந்தும் இன்னும் தவழாத குழந்தைகளுக்காகச் சொன்ன முறை இது. தாழ்வான, அகலமான கூடை ஒன்றில் வீட்டுப் பொருள்களைப் போட்டுக் குழந்தை முன்னால் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம். நம் வீட்டுக் கூடைக்கு மரக்கரண்டி, சின்ன எவர்சில்வர் டம்ளர், கிண்ணம், கெட்டியான உலோக வளையல், மூங்கில் தட்டு, ஈரிழைத் துண்டு, கனமான மர உருண்டை, ஒரு முழு எலுமிச்சம்பழம் என்று சேர்க்கலாம். நாலு செ.மீ.க்கும் குறுகலான எதுவும், கூரானதும், சாயம் போவதும் வேண்டாம். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடுங்கள்; எப்படியும் வாய்க்குத்தான் போகும்.

வைத்த பிறகு நீங்கள் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். “இதை எடு, அதைத் தட்டு” என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். டம்ளர் சில்லென்று இருக்கிறது, கரண்டி அப்படி இல்லை. கிண்ணம் விழுந்தால் சத்தம் வருகிறது, துண்டு விழுந்தால் வருவதில்லை. குழந்தை இதையெல்லாம் தானே கண்டுபிடிப்பதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். சலித்ததும் கூடையை எடுத்து வைத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கண்முன்னே கிடந்தால் அதன்மேல் ஆசை போய்விடும்.

4. “காணோம்… இதோ!”

கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்பது எட்டு மாத வாக்கில் குழந்தைக்கு நன்றாகப் பிடிபட ஆரம்பிக்கும். முதலில் டம்ளரைத் துண்டால் பாதி மூடுங்கள். இழுத்து எடுக்கப் பழகியதும் முழுசாக மூடுங்கள். பிறகு உங்கள் முகத்தை மூடிக்கொண்டு “அம்மா எங்கே, காணோமே!” என்று கேளுங்கள். துண்டைக் குழந்தையே இழுக்கட்டும்.

கைதட்டலையும் இப்போதே தொடங்குங்கள். பிள்ளைத்தமிழில் கைகொட்டி விளையாடும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும், கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும் வைத்திருக்கிறார்கள். குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இப்படி வகுத்திருப்பார்கள்! உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, கைவழியே ஊர்ந்துபோய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு தெரியாத பாட்டி உண்டா? கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. உங்கள் வேலையையும் காட்டுங்கள்

அடுப்படிக்கு வெளியே, நீங்கள் கண்ணில் படும் இடத்தில் பாயைப் போடுங்கள். கீரை ஆய்ந்தபடியே “இது தண்டு, இது இலை” என்று பேசுங்கள். குழந்தை “ப்பா ப்பா” என்றால் நிறுத்தி, பதில் சொல்லி, மறுபடி அதன் முறைக்குக் காத்திருங்கள். தெருவில் காய்கறி வண்டி வந்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.

மதிய வெயிலில் குழந்தை சிணுங்கினால் அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டுக் கையால் அடிக்க விடுங்கள். காலிங் பெல் அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போய்க் கதவைத் திறங்கள். அந்த அளவுத் தண்ணீரே ஆபத்துதான்.

6. போன்

ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதை நான் இதில் சேர்க்க மாட்டேன். சோறு ஊட்டப் பாட்டு வீடியோ போடுவதைச் சேர்ப்பேன்.

ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்குப் போகும்போது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பிடிக்காமல் உட்காரவில்லை, விழுந்த பொருளைத் தேடவில்லை என்று எது தோன்றினாலும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படிகள் படத்தோடு இருக்கும்; அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.